போனம்மா

9.2.2003, ஞாயிறு

இங்கே ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. காலையில் சேலை கட்டும்போதே மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் என்றால் இந்நேரம் மகள் மாரிக்குத் தலை குளிப்பாட்டி, முடி காய வெயிலில் உட்கார வைத்திருப்பேன்.

மாலத்தீவு என்றதும் ஏதோ ஒரு பெரிய ஊரை நினைத்திருந்தேன். இது மாலேயிலிருந்து ஒரு ராத்திரி முழுக்கத் தோணியில் வர வேண்டிய தீவு. அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைதான் இதுவரை புரிந்தது. எங்கள் எம். புதுப்பட்டிக் கண்மாயைச் சுற்றி வருகிற நேரத்தில் இந்தத் தீவையே சுற்றி வந்துவிடலாம்.

வேலை விஷயம் இன்றுதான் தெளிவானது. மதுரையில் தேர்வு வைத்தபோது ஆங்கில ஆசிரியை என்றார்கள். இன்று தலைமையாசிரியர் கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஆமினத் என்கிற டீச்சர் இருக்கிறாள், நீங்கள் அவளுக்கு உதவி ஆசிரியை, உங்கள் பேச்சு தேறிய பிறகு மற்றதைப் பார்ப்போம் என்றார். ஆமினத் இந்தத் தீவுப் பெண். என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் பி.ஏ. ஆங்கிலம், பி.எட்., சிவகாசியில் தனியார் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருந்தவள். தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

என் வீட்டுக்காரர் பாலகுரு மஞ்சள் காமாலையில் போனபோது மாரிக்கு ஒன்றரை வயது. பள்ளிக்கூடத்துச் சம்பளம் எங்கள் இரண்டு பேருக்குக் காணவில்லை. அம்மா போகிற பட்டாசுக் கம்பெனிக்கே நானும் போவதா, கடல் தாண்டுவதா என்று நின்றபோது கடல் நல்லதாகத் தெரிந்தது.

மாரியைச் சூலக்கரையில் பொன்மணி அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை. சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அக்கா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுப்பியிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

ஏறாமலே இருந்திருக்கலாமோ.

12.2.2003, புதன்

போர்டில் கிழமை எழுதி, பிள்ளைகளைச் சொல்லச் சொன்னேன். "வெட்னஸ்டே." பின்னாலிருந்து ஆமினத் சிரிக்காமல், "வென்ஸ்டே, மிஸ்" என்று திருத்தினாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு வாண்டு என்னைப் பார்த்து, "மிஸ் வெட்னஸ்டே" என்று கத்திக்கொண்டு ஓடியது.

என் கல்லூரியில் எங்கள் பேராசிரியரே அப்படித்தான் சொல்வார்.

14.2.2003, வெள்ளி

படகுத்துறைப் பக்கம் கார்டு போட்டுப் பேசுகிற போன் ஒன்று இருக்கிறது. தீவில் வெளியூர் பேச எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான். வெயிலில் வரிசையில் நின்று சூலக்கரைக்குப் போட்டேன். மச்சான் எடுத்தார். வேலுச்சாமி மச்சான் கலெக்டர் ஆபீசில் ஜீப் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். "நல்லாருக்கா, இந்தா பேசு" என்று மாரியிடம் கொடுத்தார்.

"அம்மா, இன்னும் பள்ளிக்கூடம் விடலயா?"

நான் சிவகாசிப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் விடலடா" என்றேன்.

3.3.2003

சாப்பாடு இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் மாசிக் கருவாட்டு வாசனை. தலையணைகூட.

20.3.2003, வியாழன்

என் அறையில் கூட இருப்பவர் ரோஸம்மா டீச்சர். கணக்கு எடுக்கிறார். கோட்டயம் பக்கம். பல வருஷமாக வெவ்வேறு தீவுகளில் வேலை பார்த்தவர். அவருடைய இரண்டு மகன்களும் ஊரில் உறவுக்காரர்களிடம் வளர்ந்து, படித்து, இப்போது வேலைக்குப் போகிறார்கள். இன்று கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார். விடுமுறைக்குப் போனால் மகன்கள் மிகவும் மரியாதையாக நடத்துவார்களாம். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார்களாம். எதுவும் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தங்கள் அறைக்குப் போய்விடுவார்களாம். சண்டை போட்டதே இல்லையாம்.

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

4.4.2003, வெள்ளி

போனுக்கு வரமாட்டேன் என்றாளாம். விளையாடுகிறாளாம். அக்கா சொன்னாள், "கூப்பிட்டேன், ஓடிட்டா. அடுத்த வாரம் பேசு."

பின்னால் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷமாகத்தானே இருக்கிறாள். அதுக்குத்தானே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் எதற்குக் கார்டு தீரும்வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்?

18.4.2003, வெள்ளி

இன்று துறையில் பார்த்ததை எழுதாமல் தூக்கம் வராது.

என் வகுப்புப் பிள்ளை ஷிபா. அவள் அப்பா வேறொரு தீவில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலில் வேலை பார்க்கிறார். பல மாதம் கழித்து இன்று தோணியில் வந்து இறங்கினார். கையில் பெரிய பொம்மைப் பெட்டி. ஷிபா அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் குனிந்து கையை நீட்டியதும் வீலென்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டம் கலைந்த பிறகும் பெட்டியோடு அங்கேயே நின்றார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்தது மாதிரி.

30.4.2003

ஷிபாவின் அப்பா திரும்பிப் போனார். அவள் மணலில் புரண்டு அழுதாள். அவள் அம்மாவால் தூக்க முடியவில்லை.

எதைப் பார்த்து ஆறுதல்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றே தெரியவில்லை.

13.6.2003, வெள்ளி

இந்த மாதம் மாரியை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறார்கள். முதல் நாள் அழவே இல்லையாம். அக்கா நீல பினாஃபோரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், இடுப்பில் பிடித்துத் தைத்தாளாம், ரிப்பன் கட்டினாளாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது மாரியின் குரல். "அம்மா, இங்க பாரேன்."

"என்னடா தங்கம்?" என்றேன்.

பிறகு அக்கா, போனைப் பொத்திக்கொண்டு, "இரு, வாரேன்" என்று அவளிடம் சொன்னது மங்கலாகக் கேட்டது.

என்னைக் கூப்பிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பினாஃபோரைப் பற்றித் திரும்பவும் பேசினோம். கடைசியில் போனை மாரியிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கேட்டாள், "யாரு, போனம்மாவா?"

போனம்மா. போனில் இருக்கிற அம்மா. கையும் காலும் இல்லாத ஒருத்தி.

14.6.2003

அக்கா மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? கல்யாணமாகிப் பத்து வருஷம். போகாத ஆஸ்பத்திரி இல்லை. நான்தான் கொண்டுபோய் மடியில் வைத்தேன்.

ஆனாலும் கோபமா வருது. என்ன செய்ய.

4.7.2003, வெள்ளி

எம். புதுப்பட்டிக்குப் போட்டேன். சுந்தரபாண்டி அண்ணாச்சி கடைக்குப் போன் செய்து, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி, திரும்பவும் போட வேண்டும். மாரியைக் கொஞ்ச நாள் ஊரில் வைத்துக்கொள், என் போட்டோவைக் காட்டு, என்னைப் பற்றிப் பேசு என்றேன்.

அம்மா தயங்கினாள். "சீசன் நேரம் தாயி. ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. வெள்ளனப் போனா பொழுதடைஞ்சுதான வாரேன். புள்ளைய யாரு பாக்க?"

கெஞ்சினேன். ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி லீவு போட்டுக் கூட்டி வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். அக்காவிடமும் நானே சொல்லிவிட்டேன். அக்கா சரி என்றாள். சரி என்ற விதம் சரியாக இல்லை.

16.8.2003, சனி

ரோஸம்மா டீச்சரின் ரேடியோவில் தமிழ்ச் செய்தி. சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து. பலர் பலி. எந்த ஊர் என்று சொல்வதற்குள் இரைச்சல்.

அண்ணாச்சி கடைக்குப் போட்டால் மணியே அடிக்கவில்லை. சூலக்கரையில் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போய்விட்டார்கள்.

மாரி அங்கே இருக்கிறாள். நான் அனுப்பச் சொன்னேன். நான்தான். சும்மா சூலக்கரையில் இருந்த பிள்ளையை. என்னை மறந்தா என்ன, உசிரோட இருந்தா போதாதா. இது எனக்கு ஏன் அன்னைக்குத் தோணல?

மச்சான் வீட்டில் ஏன் எடுக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள். எதற்குப் போயிருப்பார்கள்.

17.8.2003, ஞாயிறு

உயிரோடு இருக்கிறாள்.

காலையில் நான் போன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததை ஆமினத் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியரிடம் ஏதோ சொன்னாள். அவர் தன் மேஜைப் போனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என் வகுப்புக்கான நேரம் முழுவதும் ஆமினத் தனியாகச் சமாளித்தாள்.

மச்சான் எடுத்தார். "புள்ள நல்லாருக்கு. அத்தைக்கும் ஒண்ணுமில்ல. இப்பத்தான் கூட்டிட்டு வந்து சேந்தோம்." அதற்கு மேல் என்ன கேட்டேன், எப்படி அழுதேன் என்று நினைவில்லை.

விபத்து அம்மா போகிற கம்பெனியில் இல்லை, ஊருக்கு அடுத்தாற்போல் இன்னொன்றில். அம்மா மாரிக்காக லீவு போட்டு வீட்டில்தான் இருந்தாள். அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் மதினி போய்விட்டார். அன்று காலைகூட மாரியைத் தூக்கிக்கொண்டு போய் முறுக்கு வாங்கிக் கொடுத்தாராம். சத்தத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் சரிந்தன. போன் கம்பி அறுந்துவிட்டது.

மாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பேச மாட்டேன் என்கிறாளாம்.

22.8.2003, வெள்ளி

இன்னும் பேசவில்லை. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். விருதுநகரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். பயம்தான், போகப் போகச் சரியாகும் என்றாராம்.

அக்கா அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"நீ கேட்டங்கிறதுக்காகத்தான் அனுப்புனேன், லெச்சுமி. இனிமே அனுப்ப மாட்டேன்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. எத்தனையோ நாளா கேக்கணும்னு இருக்கேன். அவள எங்களுக்கே குடுத்துரு. நீயும் சின்ன வயசு. உனக்குன்னு ஒரு வழி பாத்துக்க. புள்ள எங்க போயிருது? இங்கனதான இருக்கப்போறா."

கார்டு தீர்ந்துவிட்டது.

25.8.2003, திங்கள்

ஊருக்குப் போக விடுப்பு கேட்டேன். வருஷ முடிவுக்கு முன்னால் விடுப்பு இல்லை, போவதென்றால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் தலைமையாசிரியர். கடுமையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது இப்படி வந்து நிற்பார்கள் போலிருக்கிறது.

அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

28.8.2003, வியாழன்

பெட்டியைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். கடல் கொந்தளிப்பு. தோணி கிளம்பாது என்றார்கள். எப்போது கிளம்பும் என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறார்கள். மழையில் பெட்டி மேல் உட்கார்ந்தே இருந்தேன். ரோஸம்மா டீச்சர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நேரம் போகப் போக எனக்கே தோன்றியது. போய் என்ன செய்யப்போகிறேன்? பேசாத பிள்ளையை அக்கா மடியிலிருந்து பிடுங்கி, எந்த வீட்டுக்குக் கொண்டுபோவேன்? ஓடு சரிந்த வீட்டுக்கா?

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தேன். சேலையெல்லாம் நனைந்திருந்தது.

5.9.2003, வெள்ளி

பேசிவிட்டாள். "அம்மா, தண்ணி" என்று கேட்டாளாம். சொல்லும்போதே அக்கா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை.

19.9.2003

தலைமையாசிரியர் என் ராஜினாமாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் பேசவில்லை. காலையில் போகிறேன், வருகிறேன்.

27.9.2003

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பயமாக இருக்கிறது. கடலைப் பார்த்து அல்ல.

28.9.2003

நேற்று எழுதியதை ரோஸம்மா டீச்சரிடம் வாயால் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தன் கட்டிலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். அவ்வளவுதான். தூங்கினேன்.

10.10.2003, வெள்ளி

நேற்று நடந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத சில பிள்ளைகளைப் பிரித்து, ஜூன் மாதமே என் பொறுப்பில் மூலையில் உட்கார வைத்திருந்தாள் ஆமினத். எனக்கு அது இன்னொரு அவமானமாகத்தான் பட்டது. நேற்று ஷிபா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே, ஒரு வரியை முழுசாகப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஆமினத்தைக் கூப்பிட்டேன். இன்னொரு தரம் படித்தாள். ஆமினத் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அடுத்த வருஷம் அவள் மேல் படிப்புக்கு மாலே போகிறாளாம். இந்தப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

ஊரில் என் பிள்ளைக்கு அ, ஆ யார் சொல்லித் தருகிறார்கள்? அக்காதான். நன்றாகத்தான் சொல்லித் தருவாள்.

24.10.2003, வெள்ளி

தீபாவளி. போனில் சூலக்கரையே வெடித்துக்கொண்டிருந்தது. அக்கா கத்திக் கத்திப் பேசினாள். மாரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறாளாம், மச்சானும் கூட உள்ளே படுத்திருக்கிறாராம். புதுச்சட்டையோடு, அவ்வளவு பெரிய ஆள், கட்டிலுக்கு அடியில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

19.11.2003, புதன்

நோன்பு மாதம். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடுகிறது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பு ஆங்கிலத்தை நீங்களே எடுக்க வேண்டும் என்றார். ஆமினத் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது மட்டும் காரணமல்ல, இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் யாரும் இரண்டாவது வருஷம் நிற்பதில்லை, அதையும் அவரே சொன்னார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. என் மகளையும் கூட்டி வருவேன், அப்படியென்றால் வருகிறேன் என்றேன். நாலே முக்கால் வயது என்றேன். இங்கே பாலர் பள்ளி இருக்கிறதே என்றேன்.

கூட்டி வாருங்கள் என்றார்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மாரியிடம் நான் கேட்கவில்லையே. அக்காவிடமும் கேட்கவில்லை.

8.12.2003, திங்கள், சூலக்கரை

திருவனந்தபுரத்தில் இறங்கி, திருநெல்வேலி வழியாக வந்து சேர்ந்தேன். வாசலில் மாரி நின்றாள். உயரமாகிவிட்டாள். இரட்டைச் சடை.

"வாங்க" என்றாள்.

பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, போனம்மா வந்துருக்காக" என்று குரல் கொடுத்தாள். வந்துருக்காக. வீட்டுக்கு வரும் பெரிய மனுஷியைச் சொல்வது மாதிரி.

பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்துவிட்டேன் என்று அழுதாள். என் அக்கா. அவளை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்.

14.12.2003, ஞாயிறு

என் கையால் சோறு வாங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்காருகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ரோஸம்மா டீச்சரின் மகன்கள் மாதிரி மரியாதையாக இருக்கிறாள். நாலே முக்கால் வயதில்.

ராத்திரி பயந்து எழுந்தால் என்னைத் தாண்டி அக்காவிடம் போகிறாள்.

21.12.2003, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாரியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ பெத்த. இல்லங்கல. ஆனா பயந்து முழிச்சா அவ தேடுற கை என்னோடதுதான். அதையும் பாத்துட்டுத்தான கேக்குற?"

"பாத்துட்டுத்தான்க்கா கேக்குறேன். இன்னும் ஒரு வருசம் போச்சுன்னா கேக்குறதுக்கு எனக்கு வாய் இருக்காது."

"அந்தப் பக்கம் கடலு, இந்தப் பக்கம் கடலுன்னு நீயே அழுத. அங்கன கொண்டுபோயி எப்படி வளப்ப?"

"தெரியலக்கா."

உண்மையாகவே தெரியவில்லை. பொய் சொல்ல வரவில்லை.

மச்சான் முன்னறையில் இருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "பாஸ்போர்ட்டு எடுக்கணும்னா நாளைக்கே எழுதிப் போட்டாத்தான் வரும். நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா அரிசியை அடுப்பில் ஏற்றினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

2.1.2004, வெள்ளி, எம். புதுப்பட்டி

மாரியை அம்மாவிடம் சொல்லிக்கொள்ளக் கூட்டி வந்தேன். வர மாட்டேன் என்று பஸ்ஸில் அழுதாள். ஓடு மாற்றியாகிவிட்டது. செல்லத்தாய் மதினி வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா அக்கா பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. ரெண்டு பேரையும் நான்தான பெத்தேன் என்றாள். மாரியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பட்டாசு மருந்து ஏறிய விரல்கள், எத்தனை கழுவினாலும் அந்த வெள்ளி நிறம் போகாது.

23.1.2004, வெள்ளி, திருவனந்தபுரம்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்காகத் தலைமையாசிரியர் சில நாள் பொறுத்துக்கொண்டார். மச்சான் திருச்சிக்கும் விருதுநகருக்கும் எத்தனை தடவை அலைந்தாரோ. பெற்ற பிள்ளைக்குச் செய்வது மாதிரி, பிரித்து அனுப்புகிற வேலையைச் செய்தார்.

நேற்று சூலக்கரையில் அக்கா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. மாரி அவள் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல்களை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்த முறை தூக்கத்தில் அல்ல. முழித்துக்கொண்டிருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள். மச்சான் பஸ் ஸ்டாண்ட் வரை தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் கிளம்பிய பிறகு அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது லாட்ஜ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் என்ன மாதிரி மனுஷி?

1.2.2004, ஞாயிறு

தீவு. மாரி என்னிடம் பேசுவதில்லை. ரோஸம்மா டீச்சரிடம் மட்டும் சைகையில் கேட்கிறாள். மீன் வாசனைக்கு வாந்தி. நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். டீச்சர் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனால் தானே எடுத்துச் சாப்பிடுகிறாள்.

எனக்கென்று வகுப்பு கிடைத்துவிட்டது. கதவில் என் பெயர். அதைப் பார்க்கக்கூட முடியவில்லை.

12.2.2004, வியாழன்

காய்ச்சல். "சூலக்கரை அம்மாட்ட போணும்" என்று அனத்தினாள். மாலேயில் இருக்கும் ஆமினத் போன் செய்து, தன் அம்மாவைக் கஞ்சியோடு அனுப்பி வைத்தாள்.

தப்பு பண்ணிட்டேனா. அக்காகிட்டயே விட்டிருந்தா இந்நேரம் பினாஃபோர் போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பா. யாருக்காகக் கூட்டி வந்தேன்? அவளுக்காகவா, எனக்காகவா?

13.2.2004

காய்ச்சல் இறங்கிவிட்டது. கேள்வி இறங்கவில்லை.

22.2.2004, ஞாயிறு

இன்று என்னை அடித்தாள். தலை பின்னும்போது சீப்பைப் பிடுங்கி என் கையில் ஓங்கி அடித்தாள். "நீ பின்னாத. உனக்குப் பின்னத் தெரியல. நீ ஏன் அன்னைக்குச் சொல்லாமப் போன?" என்று கத்தினாள். அதை ஒரு வருஷமாக வைத்திருந்திருக்கிறாள். கத்திக் கத்தி அழுதாள். நானும் அழுதேன். தப்புத்தான்டா என்றேன். ஆமா தப்புத்தான் என்றாள்.

மரியாதையெல்லாம் போய்விட்டது. நீ, வா, போ. சாயங்காலம் வரை என் மேல் கோபமாகவே இருந்தாள். எனக்கு என்னவோ உடம்பு லேசாக இருந்தது.

9.3.2004

ராத்திரி பயந்து எழுந்தவள் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கையை மட்டும் அவள் பக்கத்தில் வைத்தேன். பிடிக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

26.3.2004, வெள்ளி

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மணலில் மாரியும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தியும் சண்டை. சிப்பி யாருடையது என்று. அந்தப் பிள்ளை தீவு மொழியான திவேஹியில் கத்த, இவள் எங்கள் ஊர்த் தமிழில் கத்த, ஒருத்திக்கும் மற்றவள் பேசுவது புரிந்திருக்காது. அப்போது கேட்டது.

"இரு, எங்கம்மாட்ட சொல்லுதேன். எங்கம்மா மிஸ்ஸாக்கும்."

ஓடிவந்து என் ஈரக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் போய் இரண்டு பேருக்கும் நியாயம் சொன்னேன். சிப்பி அந்தப் பிள்ளையுடையதுதான். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மாரி முறைத்தாள், கொடுத்தாள், என் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப விளையாடப் போய்விட்டாள்.

சாயங்காலம் சூலக்கரைக்குப் போன் போட்டேன். மாரி ரொம்ப நேரம் பேசினாள். மச்சானிடம் ஆமையைப் பார்த்ததைச் சொன்னாள். பிறகு நான் வாங்கினேன். அக்கா சாப்பாடு, காய்ச்சல், எண்ணெய் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டாள்.

"என்னையத் தேடுறாளா, லெச்சுமி?"

காலையில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாளெல்லாம் தவித்துக்கொண்டிருந்தேன்.

"தெனமும் தேடுறாக்கா" என்றேன்.